212 கிராம்

அக்டோபர் 14, மாலை நான்கு மணி இருக்கும். பின்தோட்டத்தில் இலை வாரிக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்து, "அப்பா, அங்க ஒரு எலி வெயில்ல படுத்திருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். எலி இல்லை, முள்ளெலி. வேலியோரம் கல் பாவிய இடத்தில் சாயங்கால வெயில் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த வெயிலுக்குள் உடம்பைச் சரியாகப் பொருத்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தது. பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுதான். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து நின்றும் அது அசையவில்லை. மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது.

இங்கிலாந்துக்கு வந்த ஒன்பது வருடத்தில் முள்ளெலியை மூன்று தடவைதான் பார்த்திருந்தேன், மூன்றும் இரவில். அது இருட்டில் நடமாடும் பிராணி. பகலில் வெளியே கிடந்தால் பெரும்பாலும் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கோடையில் சில சமயம் ஒரு தாய் பகலிலேயே கூட்டுக்கு இலை சேர்க்க வரும். அது காரியமாக, விறுவிறுவென்று போகும், பார்த்தாலே தெரியும். வெயிலில் படுத்துக் கிடப்பது வேறு. சுகமாக வெயில் காய்வது போலத் தெரியும், ஆனால் உடம்புச் சூடு போய்விட்ட குட்டி எங்காவது கொஞ்சம் சூடு கிடைக்காதா என்று வெளியே வந்து விழுந்து கிடப்பதுதான் அது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், போனில் ஒரு படமும் எடுத்தேன். அந்தப் படத்தை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

தோட்ட வேலைக்கான தடித்த கையுறையோடு தூக்கினேன். தூக்கியதும் சுருண்டுகொள்ளும் என்று எதிர்பார்த்தேன். சுருளவில்லை. பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளெலியின் முதுகுத் தோல் விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது. அதை இறுக்கினால், கயிற்றை இழுத்த சுருக்குப்பை மாதிரி தோல் முழுவதும் கீழே இறங்கி, முகம், கால், வயிறு எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிக்கொள்ளும். வெளியே தெரிவது முள் மட்டும்தான். வளர்ந்த முள்ளெலிக்கு 5000 முதல் 7000 முள் வரை இருக்கும். முடிதான் அப்படி முள்ளாக மாறியிருக்கிறது, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். என் கையில் இருந்த குட்டிக்கு அந்தச் சுருக்கை இழுக்கும் தெம்புகூட இல்லை. நெற்றி முள்ளைக் கண்ணுக்கு மேல் கொஞ்சம் இழுத்தது, அதோடு விட்டுவிட்டது. கையுறையைக் கழற்றி ஒரு விரலால் வயிற்றைத் தொட்டேன். பிரிட்ஜிலிருந்து எடுத்த மாவு உருண்டை மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். பசியோடு இருக்கும், ஏதாவது கொடுக்கணும். மனைவி பாலை எடுத்துவிட்டாள். மகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ அழைப்பில் இருந்த அம்மா, "வாயில ரெண்டு சொட்டு தண்ணியாவது விடு தம்பி, தொண்டை காஞ்சிருக்கும்" என்றார்கள். வந்த உயிருக்கு முதலில் வயிற்றைக் கவனி என்பது நமக்குள் ஊறிப்போனது. அன்றைக்கு நாங்கள் நினைத்த மூன்றும் அந்தக் குட்டிக்குக் கெடுதலாகத்தான் முடிந்திருக்கும்.

முள்ளெலிக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. வைத்தால் ஆசையாகக் குடிக்கும், அப்புறம் வயிற்றால் போகும், இத்தனூண்டு உடம்பில் இருக்கிற நீரெல்லாம் வற்றிவிடும். ரொட்டி வயிற்றை அடைக்கும், அதற்கு வேண்டிய சத்து எதுவும் அதில் கிடையாது. இவை இரண்டையும் விடப் பெரிய தவறு, சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு எதையாவது ஊட்டுவதுதான். அந்த நிலையில் குடல் சாப்பாட்டைச் செரிக்காது. வாயில் விட்ட தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

இதையெல்லாம் சொன்னவர் முள்ளெலி மீட்பு வேலை செய்யும் ஒரு பெண்மணி. பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அவர்களுடைய உதவி எண்ணுக்குப் பேசினால், நம் பகுதியில் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். அப்படித்தான் அவர் எண் கிடைத்தது. என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. எடை எவ்வளவு, வயிறு சூடாக இருக்கிறதா, சுருள்கிறதா, நடக்கவிட்டால் தள்ளாடுகிறதா, ஈ மொய்க்கிறதா என்று கடகடவென்று கேட்டார். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, பூஜ்யமாக்கி, குட்டியை உள்ளே விட்டேன். 212 கிராம். முதலில் சூடு, அதுவும் இப்போதே, சாப்பாட்டைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றார்.

உயரமான அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், அதன் மேல் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை, குட்டியின் மேல் இன்னொரு பழைய துண்டு. பெட்டியில் பாதிக்கு மட்டும்தான் சூடு இருக்க வேண்டும். அதிகமாகப் பட்டால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். இதில் ஒரு விஷயத்தை மட்டும் அவர் இரண்டு தடவை சொன்னார். பையை ஆறவிடக் கூடாது. ஆறிப்போன பையை வைப்பதற்குப் பதில் வைக்காமலே இருக்கலாம், குட்டியிடம் மிச்சம் இருக்கிற சூட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

அம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "கோழிக்குஞ்சுக்கு லைட்டு போட்டு வைக்கிற மாதிரியா?" அதேதான் என்றேன். "அப்ப சரி. சும்மா சும்மா தொறந்து பாக்காத."

ஒரு மணி நேரம் கழித்துத் துண்டின் ஒரு மூலை ஏறி இறங்கியது. அப்புறம் 'புஸ்' என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் விரலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுகிற மாதிரி. துண்டை நீக்கினால், முழுசாகச் சுருண்டிருந்தது. போனில் சொன்னேன். முதல் தடவையாக அந்தப் பெண்மணியின் குரல் இளகியது. சரி, பெட்டியோடு கொண்டுவாருங்கள் என்றார்.

அவர் வீட்டுக் கார் கொட்டகைதான் மருத்துவமனை. சுவரோரம் அடுக்கடுக்காகக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் ஒரு எண், அதற்குக் கீழே தேதியும் கிராமும் வரிசையாக. பெயர் கிடையாது. எல்லாக் கூண்டும் நிறைந்திருந்தன. பெரும்பாலும் இதே மாதிரிக் குட்டிகள்.

மேசை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். காதுக்குள், கண்ணோரம், கால் இடுக்கில், முள் முடிந்து வயிற்று முடி தொடங்கும் அந்த விளிம்பில். அங்கே வெள்ளையாக, அரிசிக் குருணை தூவின மாதிரி கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மண் என்று நினைத்திருந்தேன். ஈ முட்டை. சூடான இடத்தில் சில மணி நேரத்தில் பொரித்துவிடும். பொரித்த புழு, உயிரோடு இருக்கும் உடம்பையே தின்ன ஆரம்பிக்கும். ஒரு சின்னப் பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து, ஒரு கொத்தையும் விடாமல், அரை மணி நேரம் தள்ளித் தள்ளி எடுத்தார். அந்த அரை மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உண்ணி ஏழு இருந்தது, சாம்பல் நிறத்தில் மிளகு அளவுக்கு ரத்தம் குடித்து உப்பியவை. கொக்கி போன்ற ஒரு கருவியை மாட்டித் திருகி எடுத்தார். தெள்ளுப்பூச்சியும் இருந்தது. முள்ளெலியின் தெள்ளு தனி இனம், வீட்டு நாய் பூனை மேல் குடியேறாது என்றார்.

கடைசியாக, பெட்டியில் இருந்த கழிவில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கமா போட்ட மாதிரி ஒன்று நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. நுரையீரல் புழுவின் குஞ்சுகள். நத்தைகளைத் தின்பதால் வருவது. குட்டி மூச்சு விடும்போது ஈரத்தாளைக் கசக்குவது போல ஒரு சத்தம் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு சின்னதாக ஏன் இருக்கிறது என்று கேட்டேன். இங்கே முள்ளெலிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நான்கைந்து. பிறக்கும்போது முள்ளெல்லாம் நீர் கோத்த தோலுக்குள் புதைந்திருக்கும், தாய்க்கு வலிக்காமல் இருக்க. பிறந்த சில மணி நேரத்தில் வெள்ளை முள் வெளியே வந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரத்தில் பால் மறக்கும். அப்புறம் தாய் ஒரு பக்கம், குட்டிகள் ஒரு பக்கம். தகப்பன் எந்தக் காலத்திலும் கிடையாது. ஜூனில் பிறந்த குட்டிக்குக் கோடை முழுக்க வண்டும் புழுவும் கிடைக்கும். ஆனால் சில தாய்கள் செப்டம்பரில் இரண்டாம் ஈற்றுப் போடுவதும் உண்டு. அந்தக் குட்டிகள் தாயை விட்டுப் பிரிகிற நேரத்தில் அக்டோபர் வந்துவிடும். மண் குளிர்ந்துவிடும், வண்டு மறைந்துவிடும், இரவு நீண்டுவிடும். குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்க அவற்றுக்கு நாள் போதாது. குறைந்தது 450 கிராமாவது வேண்டும் என்பார்கள், 600 இருந்தால்தான் நிம்மதி என்பார்கள் பல மீட்பாளர்கள். இது 212.

ஆறு நாள் கழித்து அவரே அழைத்தார். ஊசி போட்டாயிற்று, தானாகச் சாப்பிடுகிறது, 258 கிராம், இனி வேண்டியது சாப்பாடும் சுத்தமும்தான். புதிதாக வருபவற்றுக்கு இடம் இல்லை, நீங்கள் சில வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மனைவியைப் பார்த்தேன். "கேக்கவா செய்யணும், கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துணி துவைக்கும் சின்ன அறையில் ஒரு முயல் கூண்டு. ஒரு மூலையில் நுழையும் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே கிழித்த செய்தித்தாள். இன்னொரு பக்கம் தீனித் தட்டு, தட்டையான தண்ணீர்க் கிண்ணம். தீனி, இறைச்சி அதிகமுள்ள சாதாரணப் பூனைத் தீனிதான். டப்பாவில் வரும் ஈரமானதும், பூனைக்குட்டிகளுக்கான உலர்ந்த பிஸ்கட்டும். உலர்ந்த மீல்வார்ம் புழுவைப் பறவைத் தீனியோடு விற்பார்கள், முள்ளெலி அதற்காக எதையும் விட்டுவிட்டு ஓடி வரும். அதை வைக்கவே கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே தின்று வளர்ந்தால் எலும்பு பலவீனமாகி, நடக்க முடியாமல் போகும்.

முள்ளெலிக் குட்டியைப் பராமரிப்பது என்றால் பத்தில் ஒன்பது பங்கு சுத்தம் செய்வதுதான். படம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரவெல்லாம் தின்னும், இரவெல்லாம் கழியும், கழிந்ததன் மேலேயே நடக்கும், தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஏறி இறங்கும், அப்புறம் படுக்கைக்குள் போய்ச் சுருளும். காலையில் அந்த அறைக் கதவைத் திறந்தால் வாசனை மூக்கில் அறையும். தினமும் ஆறு மணிக்கு எழுந்து, தாள் முழுவதையும் சுருட்டி எடுத்து, தட்டு கழுவி, புதுத் தாள் கிழித்துப் போட்டு, கையைக் கழுவி, அப்புறம்தான் எனக்குக் காபி. கழிவின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். கரும்பழுப்பில், கெட்டியாக, நம் சுண்டுவிரல் அளவு இருந்தால் நல்லது. பச்சையாகக் குழகுழவென்று இருந்தால் வயிறு கெட்டிருக்கிறது. முதல் வாரம் பச்சைதான். கெட்டியாக முதல் முதலில் ஒன்று விழுந்த அன்று, அந்தப் பெண்மணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவருக்கும் அது சந்தோஷமான செய்திதான்.

கையுறை இல்லாமல் தொடுவதில்லை. முள்ளெலிகளிடமிருந்து மனிதனுக்கு ஒரு வகைப் படர்தாமரை வரும், சால்மனெல்லா கிருமியும் வரலாம். ஆனால் கையுறைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கை வாசனை பழகக் கூடாது. மகள் பெயர் வைக்க வேண்டும் என்று அழுதாள். மீட்பு இல்ல அட்டையில் அதற்கு 87 என்று எண். "எண்பத்தேழுன்னு யாராவது கூப்பிடுவாங்களாப்பா?" என்றாள். அது கூப்பிட்டு வரக் கூடாது கண்ணு, நம்மைப் பார்த்தால் அதுக்குப் பயம் வரணும், அந்தப் பயம்தான் வெளியே போனால் அதைக் காப்பாத்தும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் புரிந்துகொண்டாள். தினமும் எடை எழுதும் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். நோட்டில் முதல் பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் தேதி, ஒரு பக்கம் கிராம்.

அக்டோபர் 20, 258. அப்புறம் 263, 271, 284, 295, 309, 318. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு, தீனி வைப்பதற்கு முன்பு, அதே டப்பா, அதே தராசு. ஒரு வாரத்தில் நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும் ஆட்களாகிவிட்டோம். அலுவலகத்திலிருந்து வரும் வழியில் மனைவி "எவ்வளவு?" என்று மட்டும் செய்தி அனுப்புவாள்.

27ஆம் தேதி 304. 14 கிராம் குறைவு. தராசு தவறு என்று நினைத்து மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். தட்டில் தீனி பாதி அப்படியே இருந்தது. மறுநாள் 299. அன்றிரவு கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோது இருமல் கேட்டது. முள்ளெலியின் இருமலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சின்னக் குழந்தையின் இருமல் மாதிரியே இருந்தது, அளவில்தான் சிறிது. காலையில் கொண்டுபோனேன். புழு முழுசாகச் சாகவில்லை. இரண்டாவது சுற்று ஊசி, நான்கு நாள் அவரிடமே இருந்தது. அந்த நான்கு நாளும் வீட்டில் நோட்டு மூடியே கிடந்தது. இரண்டு நாள் எடை குறைந்ததுமே வந்தீர்களே, அது நல்லது என்று அவர் சொன்னார். முள் மூடிய உடம்பில் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. இருமல் கேட்பதற்கு ஒரு நாள் முன்பே தராசு சொல்லிவிட்டிருந்தது. அதற்காகத்தான் தினமும் எடை.

நவம்பர் 1ஆம் தேதி திரும்பி வந்தபோது 321. அதற்கப்புறம் எண் இறங்கவே இல்லை.

அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு அந்த அறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்வேன். வேறு வெளிச்சம் கிடையாது, வாஷிங் மெஷினின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். முதலில் தாள் சரசரக்கும். ஓட்டையில் மூக்கு வரும். ஈரமான, கறுப்பான, எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிற மூக்கு. அது காற்றை மேலே, பக்கத்தில், மறுபடி மேலே என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அப்புறம் மொத்த உடம்பும் வரும். உட்கார்ந்திருக்கும்போது உருண்டையாகத் தெரிகிற பிராணி, நடக்கும்போது கால் இவ்வளவு நீளமா என்று தோன்றும். தட்டுக்குள் இரண்டு முன்காலையும் வைத்துக்கொண்டுதான் தின்னும். பிஸ்கட்டை உடைக்கும் சத்தம் கல்லை மெல்வது போல இருக்கும், நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு முள்ளும் ஒரே நிறம் இல்லை. அடி வெளுப்பு, நடுவில் பழுப்பு வளையம், நுனி மறுபடி வெளுப்பு. நிம்மதியாக இருக்கும்போது எல்லா முள்ளும் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். மேல்மாடியில் யாராவது கதவைச் சாத்தினால் போதும், நெற்றியிலிருந்து பின்பக்கம் வரை எல்லாம் ஒரே நொடியில் குறுக்கும் நெடுக்குமாக எழுந்துவிடும். தின்பது நின்றுவிடும். சத்தம் அடங்கி ஒரு நிமிடம் கழித்து நெற்றியிலிருந்துதான் முதலில் படிய ஆரம்பிக்கும்.

நவம்பர் 10ஆம் தேதி 430. 18ஆம் தேதி 521. அன்று கூண்டைத் தோட்டக் கொட்டகைக்கு மாற்றினோம், அங்கே சூடாக்கும் வசதி எதுவும் இல்லை. வீட்டுச் சூட்டிலேயே வைத்திருந்தால் கொழுத்துப் போகும், வெளிக் குளிருக்குத் தயாராகாது. கிழித்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த இலையும் வைக்கோலும் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் கூண்டு முழுக்கப் பரப்பி வைத்திருந்த இலை ஒன்றுகூட வெளியே இல்லை. எல்லாவற்றையும் வாயில் கவ்விப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தாயோடு இருந்தது சில வாரம்தான். உள்ளே போய் இலைக்கு நடுவில் சுற்றிச் சுற்றித் திரும்புமாம். அப்படித் திரும்பத் திரும்ப இலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கான சுவராகிவிடும். தண்ணீரும் இறங்காது, சூடும் வெளியே போகாது.

குளிர்காலத் தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்வதே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. விழித்திருக்கும் முள்ளெலியின் உடம்புச் சூடு 35 டிகிரி. அந்த நிலையில் அது 10க்கும் கீழே இறங்கும். நிமிடத்துக்கு 190 தடவை அடிக்கும் இதயம் 20 அளவுக்கு வந்துவிடும். மூச்சு எப்போதாவது ஒன்று. அடுப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு பொறியை மட்டும் சாம்பலுக்குள் வைத்திருப்பது போல. ஆனால் குளிர்காலம் முழுக்க அப்படியே கிடப்பதும் இல்லை. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு தடவை விழிக்கும். அந்த விழிப்புக்குத்தான் விலை அதிகம். தோள்பட்டையைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை எரித்துத்தான் உடம்பை மறுபடி சூடாக்கிக்கொள்ளும். வெள்ளைக் கொழுப்பு மெல்ல மெல்லச் செலவாகிற அன்றாடக் கணக்கு. வசந்தம் வருவதற்குள் உடம்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 212 கிராமில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தால் அந்த அக்டோபர் மாலை எவ்வளவு நெருக்கமானது என்று தெரிகிறது.

அம்மா ஒரு நாள், "நம்ம பக்கத்துலயும் முள்ளெலி உண்டே, இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று கேட்டார்கள். நம் வறண்ட காட்டுப்புதர்களில் இருப்பது வேறு இனம். ஹார்ஸ்ஃபீல்ட் என்ற விலங்கியலாளர் 1851இல் அதை முதலில் விவரித்து எழுதியிருக்கிறார். முள்ளெலியையும் முள்ளம்பன்றியையும் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், முள்ளம்பன்றி கொறிக்கும் இனம், முள்ளெலிக்கு உறவே இல்லை. நம் முள்ளெலியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

கூண்டைக் கொட்டகைக்கு மாற்றின அதே வாரம் தோட்டத்தைத் தயார் செய்தோம். முள்ளெலி ஒரே இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும். நாலு பக்கமும் அடைத்த வேலிக்குள் விட்டால் அது சிறைதான். வேலியின் அடியில் 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் ஓட்டை போதும், முள்ளெலி போகும், பெரும்பாலான நாய்கள் போகாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கத் தயங்கினேன். ஒன்பது வருடத்தில் அவரோடு வானிலையைத் தவிர எதுவும் பேசியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், தன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு இரவும் முள்ளெலி வருமாம், பார்த்துப் பல வருடம் ஆகிறது என்றார். அவர் சொன்னது ஊருக்கே பொருந்தும். 2020இல் பிரிட்டனின் பாலூட்டிகளுக்கான சிவப்புப் பட்டியலில் முள்ளெலியை அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றோடு சேர்த்தார்கள். 2024 அக்டோபரில் உலகளாவிய பட்டியலிலும் ஒரு படி கீழே இறக்கி, அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று குறித்தார்கள்.

அந்தப் பெண்மணி சொன்ன ஒரு கதை அப்போது ஞாபகம் வந்தது. ஏட்ரியன் கோல்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மேஜர், மாடுகள் தாண்டிப் போகாமல் இருக்கச் சாலையில் கம்பி போட்டு வெட்டியிருந்த ஒரு குழிக்குள் முள்ளெலி விழுந்து ஏற முடியாமல் கிடப்பதைப் பார்த்தார். அந்த ஒன்றை எடுத்துவிட்டதோடு நிற்காமல், இத்தகைய குழிகளில் ஏறி வரச் சரிவுப் பலகை வைக்க வேண்டும் என்று போராட ஆரம்பித்தார். 1982இல் அவர் தொடங்கியதுதான் எனக்கு எண் கொடுத்த அந்தச் சங்கம். ஒரு குழி, ஒரு முள்ளெலி.

நவம்பர் 26ஆம் தேதி 618. மகள் நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள். வானிலை முன்னறிவிப்பில் உறைபனி இல்லாத நாலைந்து இரவுகள் தொடர்ச்சியாகத் தெரிந்தன. இல்லையென்றால் வசந்தம் வரை கொட்டகையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கும். இதுதான் நேரம் என்றார் அந்தப் பெண்மணி.

28ஆம் தேதி. ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. வேலியோரம், அது கிடந்த இடத்துக்கு நான்கடி தள்ளி, புதருக்குள் மரப்பெட்டி ஒன்றை வைத்திருந்தோம். வாசலுக்கு அப்புறம் ஒரு திருப்பம், பூனையின் கை உள்ளே எட்டாது. பெட்டியில் பாதிக்கு இலை போட்டு, மீதியை வெளியே குவித்து வைத்தேன், அது தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று. கொட்டகைக் கூண்டிலிருந்து அதை அதன் இலையோடு அப்படியே அள்ளி வந்தேன். 618 கிராம் கையில் நன்றாகக் கனத்தது. தொட்டதுமே இறுகச் சுருண்டுவிட்டது, கையுறையையும் தாண்டி முள் குத்தியது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பெட்டி வாசலில் வைத்துவிட்டு மூன்று பேரும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். பத்து நிமிடம் உருண்டையாகவே இருந்தது. அப்புறம் நெற்றி முள் படிந்தது. மூக்கு வந்தது. பெட்டிக்குள் போகவில்லை. நேராக வேலி ஓட்டைக்குப் போனது, தலையை விட்டுப் பார்த்தது, திரும்பி வந்து புல்லில் எதையோ தின்றது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அது நம்மளத் திரும்பிப் பாக்கவே இல்ல" என்றாள். பார்க்கக் கூடாதும்மா என்று மனைவி அவள் தலையைத் தடவினாள்.

மறுநாள் காலை வெளியே குவித்த இலையில் பாதி காணவில்லை.

தட்டில் தீனியும் கிண்ணத்தில் தண்ணீரும் இப்போதும் தினமும் வைக்கிறேன். நடுவில் விழித்து வெளியே வந்தால் ஏதாவது இருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று இரவு தட்டு காலியானது. அப்புறம் குளிர் இறுகியது, தீனி தொடாமலே இருந்தது. அது உள்ளேதான் இருக்கிறதா, வேறு கூட்டுக்குப் போய்விட்டதா என்று பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. பெரும்பாலான முள்ளெலிகள் ஒரு குளிர்காலத்தில் ஒரு தடவையாவது கூடு மாற்றிக்கொள்ளும். அதனால் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டி வாசலில் குறுக்கே மெல்லிய குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறாள், உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ அது வந்தால் குச்சி விழுந்துவிடும். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இன்று காலை கிண்ணத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. பனிக்கட்டியைத் தட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். குச்சி வைத்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் ஒரு மயிரிழை கனத்துக்கு உறைபனி படிந்திருந்தது.